பழைய காரின் ஹெட்லைட்டில் எல்இடி பல்பு மாற்றினால் ராத்திரியில் ரோடு நன்றாகத் தெரியுமா?

போட்டுப் பார்த்து, திட்டு வாங்கிக் கழற்றியவன் சொல்கிறேன்: தெரியாது. தெரிகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

உங்களுடையதும் பத்துப் பன்னிரண்டு வருஷத்து வண்டி, டிம்மும் ஹைபீமும் ஒரே பல்பில் எரிகிற எச்4 ரக ஹாலோஜன் பல்புதான் (இழை சூடாகி எரியும் பழைய வகை) என்று வைத்துக்கொள்கிறேன். கம்பெனியிலேயே எல்இடியோடு வந்த வண்டிக்காரர்கள் கீழே வந்து சண்டை போட வேண்டாம். அதன் அமைப்பே வேறு, நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

மச்சான் பேச்சைக் கேட்டு 6000 கெல்வின் (வெள்ளை வெளேர் நிறம் என்று அர்த்தம்) என்று எழுதியிருந்த ஒரு ஜோடி எல்இடி வாங்கி மாட்டினேன். முதல் நாள் தெருவே பகல் மாதிரி இருந்தது, பெருமையாகத்தான் இருந்தது. அந்த வாரமே புதுக்கோட்டையில் இருந்து அறந்தாங்கி போகும்போது எதிரே வந்த வண்டியெல்லாம் எனக்கு லைட் அடித்தது. நான் டிம்மில்தானே போகிறேன், இவர்களுக்கு என்ன கேடு என்று நானும் பதிலுக்கு ஹைபீம் அடித்தேன். டீக்கடையில் நிறுத்தியபோது ஒரு லாரி டிரைவர் வந்து, "தம்பி, உங்க டிம்மு புளியமரத்து உச்சியில காக்காக் கூட்டைக் காட்டுது" என்றார். கோபம்தான் வந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், இடது ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒரு பெரியவரை ரொம்பக் கிட்டே போன பிறகுதான் பார்த்தேன். ஸ்டியரிங்கை ஒடித்த கை ஊர் போய்ச் சேரும் வரை நடுங்கியது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் அண்ணன் வண்டியைச் சுவருக்கு நேரே நிறுத்தி, ஒரு பக்கம் ஹாலோஜன், மறுபக்கம் எல்இடி என்று எரியவிட்டார். ஹாலோஜன் பக்கம் சுவரில் கோடு கிழித்த மாதிரி மேலே இருட்டு, கீழே வெளிச்சம், அந்தக் கோடு இடது பக்கம் மட்டும் சாய்வாக மேலே ஏறியது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், எதிரே வருகிறவர் கண் வலப்பக்கம். அங்கே தணிந்து, ஆள் நடக்கிற இடது ஓரத்தைக் காட்டத்தான் அந்தச் சாய்வு. எல்இடி பக்கம் கோடே இல்லை, வெளிச்சம் சுவர் முழுக்க அப்பிக் கிடந்தது. எச்4 பல்புக்குள் இரண்டு இழை உண்டு, டிம் இழைக்கு அடியில் சின்னதாக ஒரு தகடு. அதனால் வெளிச்சம் டூமின், அதாவது பல்பைச் சுற்றியிருக்கும் பளபளப்பான கிண்ணத்தின், மேல் பாதியில் மட்டும் பட்டு ரோட்டுக்கு இறங்கும். எல்இடி சில்லு அந்த இடத்தில் இருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே போதும், கணக்கு கெட்டுவிடும். கிட்டே வெளிச்சம் கொட்டினால் கண் அதற்குப் பழகி, தூரம் இன்னும் இருட்டாகத் தெரியும்.

ஹைபீமுக்கு 60, டிம்முக்கு 55 வாட் என்கிற பழைய ஹாலோஜனுக்கே திரும்பினேன். பல்புக்கு முழு மின்சாரம் போய்ச் சேர, ரிலே வைத்து பேட்டரியில் இருந்து தனி ஒயர் இழுத்தேன், மஞ்சள் பூத்த ஹெட்லைட் மூடியைப் பாலிஷ் போட்டேன். முன் கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடையுங்கள், யாரும் துடைப்பதில்லை. அப்புறம் பல வண்டிகளில் ஸ்டியரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், பின்சீட்டில் ஆள் ஏறி வண்டியின் முன்பக்கம் தூக்கினால் லைட்டைக் கீழே பார்க்க இறக்க. பல வருஷமாக அது ஏசிக்கு என்று நினைத்திருந்தேன், சிரிக்காதீர்கள்.

எதிர் வெளிச்சத்தை மறைக்கத்தான் நாலு வழிச்சாலை நடுவில் அரளி வைக்கிறார்கள். எங்கள் பக்கம் அது காய்ந்து குச்சியாக நிற்கிறது, டோல் மட்டும் தவறாமல் வாங்குகிறார்கள். போதாததற்கு ஒளிரும் பட்டைகூட ஒட்டாத இரும்புத் தடுப்பை நடுரோட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். போன மாதம் அதில் ஒன்றில் உரசி பம்பருக்கு நாலாயிரம் அழுதேன்.