பித்தப்பை ஆபரேஷன்: தருமபுரி சர்ஜன் பதில்கள்

பென்னாகரம்: லேப்ராஸ்கோபி, சின்னத் துளை போட்டுச் செய்வது என்றுதான் அண்ணனை உள்ளே கொண்டுபோனார்கள். பாதியில் வயிற்றைத் திறந்துவிட்டார்கள். டாக்டருக்குக் கை வரவில்லையா?

அப்படிச் சொல்லாதீர்கள். பலமுறை வீங்கி அடங்கிய பித்தப்பை கல்லீரலோடும் குடலோடும் ஒட்டிப்போயிருக்கும். எதையும் வெட்டுமுன் மூன்று விஷயம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பையின் கழுத்தைச் சுற்றியுள்ள கொழுப்பும் தழும்பும் நீங்கியிருக்க வேண்டும். பையின் கீழ்ப்பகுதி கல்லீரலிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். பைக்குள் போவது ஒரு குழாய், ஒரு ரத்தக்குழாய், இரண்டே இரண்டுதான் என்று தெரிய வேண்டும். 1995இல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற சர்ஜன் வகுத்த முறை இது. தெரியவில்லையென்றால் குழாயை அடைக்கும் கிளிப்பைப் போடக்கூடாது. வழியை மாற்றுவதுதான் சரி.

பாலக்கோடு: வாழைத்தண்டு சாறு குடித்தால் பித்தப்பைக் கல் கரையுமா?

இந்தக் கேள்வி வருவது இது மூன்றாவது முறை! நம் ஊரில் அதைச் சிறுநீரகக் கல்லுக்குக் குடிப்பார்கள். பித்தப்பைக்கும் சிறுநீருக்கும் பாதையே இல்லை. கரையாது.

ஓசூர்: என் மாமாவுக்குப் பாதிப் பையை உள்ளேயே விட்டுவிட்டார்கள். காசு மட்டும் முழுசா வாங்கினார்களே?

பில்லைப் பற்றி நான் பேசமுடியாது. வேலையைப் பற்றிச் சொல்கிறேன். கல்லையெல்லாம் எடுத்துவிட்டு, ஒட்டிப்போன கழுத்தை மட்டும் விடுவது சப்டோட்டல். சில நாள் பித்தம் கசியலாம், அதை வெளியே எடுக்கத்தான் டிரெய்ன் குழாய். கழுத்தை நோண்டப்போய், கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் பொதுப் பித்தக்குழாய் அறுந்தால், குடலை இழுத்துக் கல்லீரல் குழாயோடு இணைக்க வேண்டும். வருஷக்கணக்கில் தொந்தரவு.

ஓசூர், மறுபடியும்: திறந்து முழுசா எடுத்திருக்கலாமே?

வயிற்றைத் திறந்தால் தழும்பு மறைந்துவிடுமா? அதே ஒட்டல்தான் அங்கேயும் இருக்கும். இப்போது எல்லாம் லேப்ராஸ்கோபியில் நடப்பதால், இளம் டாக்டர்களுக்குத் திறந்து செய்யும் பழக்கமும் குறைவு. மிச்சப் பையில் மறுபடி கல் வரலாம், அதை மறைக்கவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சப்டோட்டல்' என்று எழுதி வாங்கி, பத்திரமாக வையுங்கள்.

அரூர்: வீக்கம் வற்றட்டும் என்று காத்திருக்கலாமா?

உடம்பு தாங்குமென்றால் வலி தொடங்கி 72 மணி நேரத்துக்குள் செய்வது நல்லது. ஒரு வாரம் வரைகூடச் செய்யலாம். அதற்கப்புறம் ஒட்டல் கெட்டிப்படும். தள்ளிப்போட்டால் பொதுவாக ஆறு வாரமாவது ஆகும். வலி வந்த தேதியைக் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டினம்: பையை எடுத்தபின் மாம்பழம் சாப்பிடலாமா?

தாராளமாக. சர்க்கரை நோய் இருந்தால் அளவோடு.

ஊத்தங்கரை: அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள். காய்ச்சல், கண் மஞ்சளாக இருக்கிறது.

இங்கே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் இப்பொழுதே கூட்டிப்போங்கள்.