வண்டியை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

எனக்கு நன்றாகத் தெரிந்தவை 100 முதல் 160 சிசி வரையிலான, காற்றால் குளிரும் (ஏர் கூல்டு) பைக்குகள். அதைத் தாண்டிக் கேட்டால் தெரிந்தவரிடம் அனுப்பிவிடுவேன்.

முதன்முறையாக ஸ்ப்ளெண்டரில் ஆயில் மாற்றப் போகிறேன் அண்ணா. பயமாக இருக்கிறது. (திருச்சி, கல்லூரி மாணவி)

பயமே வேண்டாம் தங்கச்சி. சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, மூன்று நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஆயில் அடி வரை வடியும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துவிடும். 17-ஆம் நம்பர் ரிங் ஸ்பேனரால் டிரெயின் போல்ட்டை (இன்ஜின் அடியில் ஆயில் வடியத் திறக்கும் போல்ட்) தளர்த்தி, கடைசிச் சுற்றுகளை விரலால் கழற்றுங்கள். ஆயில் முதலில் சற்றுத் தள்ளிப் பாய்ந்து விழும். தட்டை அதற்கேற்ப வையுங்கள்.

திரும்பப் போடும்போதுதான் பலர் கெடுக்கிறார்கள். இன்ஜின் அடிப்பகுதி மென்மையான அலுமினியம், போல்ட் இரும்பு; தப்பாகத் திருகினால் இன்ஜின் மரைதான் போகும். புது வாஷர் போட்டு, விரலால் மட்டும் திருகுங்கள். முதல் இரண்டு சுற்றிலேயே இறுகினால் மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம். கழற்றி மறுபடி போடுங்கள். போல்ட் உட்கார்ந்ததும் ஸ்பேனரில் வாஷர் அமுங்குவது கையில் தெரியும், அதன்பின் கொஞ்சம் மட்டும். ஸ்பேனரில் பைப் செருகி இறுக்காதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்து மரையையே உரித்துவிட்டேன்.

வண்டியோடு வந்த கையேட்டில் சொன்ன அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, சில நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஆயில் இறங்கியதும் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) துடைத்து, திருகாமல் சும்மா வைத்து எடுத்துப் பாருங்கள். குறைந்தால் சேருங்கள். பழைய ஆயிலைப் பாட்டிலில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள், சாக்கடையில் வேண்டாம்.

காருக்கு வாங்கிய ஆயில் ஒரு லிட்டர் மீதம் இருக்கிறது. ஊற்றலாமா?

கூடாது. பைக்கின் கிளட்ச் அதே ஆயிலில்தான் நனைந்து ஓடுகிறது. வழுக்கலுக்காகச் சேர்த்த பொருட்கள் பல கார் ஆயில்களில் உண்டு. கிளட்ச் வழுக்கும், மேட்டில் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. பாட்டிலில் ஜாசோ எம்ஏ (JASO MA, ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்ற ஜப்பானியத் தரக் குறியீடு) என்று இருக்கிறதா பாருங்கள். எம்பி என்பது ஸ்கூட்டருக்கு.

எந்த கம்பெனி ஆயில் நல்லது சார்?

கையேட்டில் உள்ள கிரேடும் (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) எம்ஏ-வும் இருந்தால் போதும்.

செயினை இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டுத் துடைத்தால் சீக்கிரம் முடிகிறதே?

தயவுசெய்து செய்யாதீர்கள். துணியின் ஒரு நூல் செயினில் மாட்டினால், கையை இழுப்பதற்குள் விரலை ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) கொண்டுபோய்விடும். எங்கள் தெருவில் ஒருவருக்கு அப்படி இரண்டு விரல் போனது. இன்ஜின் அணைத்து, நியூட்ரலில், சக்கரத்தைக் கையால் சுற்றிச் செய்யுங்கள்.

செயினுக்கு 90 ஆயிலா, ஸ்ப்ரேயா? (இதற்கு மட்டும் ஒன்பது பேர்)

ஓ-ரிங் (இணைப்புகளில் உள்ள சிறு ரப்பர் வளையம்) இல்லாத சாதாரண செயினுக்கு 90 நம்பர் கெட்டி கியர் ஆயில் போதும் என்பது என் கருத்து. ரோலருக்குள் நன்றாக இறங்கும், விலையும் குறைவு. மதுரை அண்ணன் ஒருவர், "ஆயில் போட்டால் புழுதி ஒட்டிக் களிமண்ணாகிறது" என்கிறார். உண்மைதான், அது அதிகமாக ஊற்றுவதால். சொட்டுச் சொட்டாக விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தை வழித்துத் துடையுங்கள். ஆயில் உள்ளே இருந்தால் போதும். புதுச்சேரி நண்பர் ஸ்ப்ரேதான் என்று வாதாடுகிறார். செயின் திறந்திருக்கும் வண்டியில் பின் சக்கரத்தில் ஆயில் தெறிக்காது என்பதால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓ-ரிங் செயின் என்றால், அதற்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும். இருவருக்கும் ஒன்று: பெட்ரோலில் கழுவாதீர்கள், ரப்பர் கெடும், தீப்பற்றும். மண்ணெண்ணெய் போதும்.

மறுபடி: எந்த ஆயில்?

மேலே சொல்லிவிட்டேன் தம்பி. எம்ஏ.

வெள்ளத்தில் வண்டி மூழ்கிவிட்டது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? (வேளச்சேரி)

வேண்டவே வேண்டாம். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு (பிஸ்டனோடு இணைந்த தண்டு) வளையும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்: ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நிறம் சரியாக இருந்தாலும் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

ஏர் ஃபில்டரை காற்றடித்துச் சுத்தம் செய்யலாமா?

பிசுபிசுப்பான காகித ஃபில்டர் என்றால் கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஸ்பாஞ்ச் என்றால் கழுவலாம்.

ஏபிஎஸ் பிரேக்கில் காற்று எடுப்பது எப்படி?

இதை ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள்.

செயின் லூஸ் எவ்வளவு இருக்க வேண்டும்? சரிபார்த்தால் இடத்துக்கு இடம் மாறுகிறது.

மாறத்தான் செய்யும், செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. சக்கரத்தைச் சுற்றி மிக இறுக்கமாக உள்ள இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே அளவெடுங்கள். பெரும்பாலும் 2 முதல் 3 செ.மீ., கையேட்டில் உள்ளதே முடிவு. இரு பக்க அட்ஜஸ்டர் கோடுகளும் ஒன்றாக இருக்கட்டும். இதையெல்லாம் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்ட பிறகு செய்யுங்கள்.