தியாகராய நகர்க் கடைத்தெருவின் சாலை வடிவமைப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கிய பின், அங்கு ஓடிய வாகனங்கள் எல்லாம் எங்கள் தெருக்களுக்குள் புகாதா? (மேற்கு மாம்பலம் வாசகர்)

பதில்: ஒரு பகுதி புகத்தான் செய்யும். 2019 நவம்பரில் திறக்கப்பட்ட அந்த நடைபாதை வளாகத்தைப் போன்ற எந்தத் திட்டத்திலும், வாகனங்களின் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. பனகல் பூங்காவிலிருந்து அண்ணா சாலைக்குக் கடந்து செல்பவர்கள், கடைக்கு வருபவர்கள், வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றுபவர்கள் ஆகிய மூவரையும், பகுதியின் எல்லையில் வாகன எண்களை நேரத்தோடு பதிந்து பிரித்தறிய வேண்டும். முதல் வகையினருக்கு வேறு வழி காட்டலாம். மூன்றாம் வகையினரைப் பார்க்கிங் கட்டணமும் காலியிட அறிவிப்புப் பலகையும் குறைக்கும். இந்தக் கணக்கெடுப்பு இல்லாமல் உட்தெருக்களை ஒருவழியாக்கினால் சுற்றும் தூரமே கூடும்.

கேள்வி: நடைபாதையில் பைக் ஏறாதபடி தடுப்புத் தூண்களை நெருக்கமாக நட்டால் என்ன?

பதில்: சக்கர நாற்காலி தாராளமாக நுழைய ஏறத்தாழ 90 செ.மீ. இடைவெளி வேண்டும், அந்த இடைவெளியில் பைக்கும் நுழைந்துவிடும். பைக்கைத் தடுக்க அதைச் சுருக்கினால் முதலில் வெளியே நிற்கப்போகிறவர் மாற்றுத்திறனாளிதான். ஆகவே தூண் காரைத் தடுக்கட்டும், பைக்கைக் காவல்துறையின் அபராதம் தடுக்கட்டும். பக்கத்துத் தெரு வந்து சேரும் இடங்களில் நடைபாதையை இறக்காமல், சாலையையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்த வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். அப்போது நடப்பவர் ஏறி இறங்க வேண்டியதில்லை, ஓட்டுபவரும் தானாக வேகம் குறைப்பார். ஆனால் அந்த மேடு மழைநீர் ஓட்டத்தை மறிக்கும் என்பதால், நீர் வந்து சேரும் பக்கத்தில் வடிகால் வாய் இல்லாமல் கட்டினால் ஐப்பசி மழையில் தெருவே குளமாகும்.

கேள்வி: மேம்பாலமும் ஆகாய நடைபாலமும் போதாதா?

பதில்: மேம்பாலம், இப்பகுதியைக் கடந்து செல்லும் வாகனங்களுக்கு மட்டுமே உதவும். மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறக்கப்பட்ட நடைபாலம் ரயில் பயணிகளுக்கு நல்ல வசதி. ஆனால் எதிர்ச்சாரிக் கடைக்குப் போக யாரும் மாடி ஏறமாட்டார்கள்.

கேள்வி: கடை வாசலில் கார் நிறுத்த விடாவிட்டால் வியாபாரம் படுத்துவிடாதா? (துணிக்கடை உரிமையாளர்)

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, ஐயா. வாசலில் காலையிலேயே நிறுத்தி இரவில் எடுக்கப்படும் வண்டி யாருடையது என்று ஒரு நாள் கவனியுங்கள். பல கடைத்தெருக்களில் அது முதலாளியுடையதாகவோ ஊழியருடையதாகவோ இருக்கும். ஒரு கார் சுமார் 12.5 சதுர மீட்டரை அடைக்கிறது. மணிக்கு மணி உயரும் கட்டணம் அந்த இடத்தை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரும். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது, கடை திறக்கும் முன் சரக்கு இறக்க உறுதியான நேரமும் இடமும்தான்.

கேள்வி: என் தாயார் சாலையைக் கடப்பதற்குள் சிக்னல் மாறிவிடுகிறது. இதற்குத் தீர்வு உண்டா?

பதில்: உண்டு, அம்மா. பொதுவாக நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்தே நேரம் கணக்கிடப்படுகிறது. அதன்படி 14 மீட்டர் சாலைக்குச் சுமார் 12 நொடி. முதியவர் 0.8 மீட்டர் வேகத்தில் நடந்தால் 17 நொடிக்கு மேல் ஆகும். கடைத்தெருச் சந்திப்புகளில் இந்த இரண்டாவது கணக்கையே எடுத்து, சாலை நடுவில் நின்று கடக்க, சக்கர நாற்காலியும் நிற்கும் அகலத்தில் ஒரு திட்டும் அமைக்க வேண்டும். சந்திப்பின் பெயரையும் கடக்கக் கிடைக்கும் நொடிகளையும் குறித்து, மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவல்துறைக்கும் மனு கொடுங்கள்.