முதலில் ரைமன் அரங்குக்குப் போங்கள்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லுக்கு வேலை மாறி வந்து மூன்று மாதம் ஆகிறது, சனி ஞாயிறு வெறுமையாகக் கழிகிறது, இந்த ஊர் நாட்டுப்புறப் பாணியான கன்ட்ரி இசை பழக்கமே இல்லாத நான் டவுன்டவுனில் இருக்கும் பழைய அரங்குகளுக்குக் காசு கொடுத்துப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள் தம்பி. அதுவும் முதலில் ரைமன் அரங்குக்கு.

வந்த புதிதில் எனக்கும் அந்தப் பாட்டு ஒட்டவில்லை. அலுவலக நண்பர் கூப்பிட்டார், போனேன். உள்ளே நாற்காலிகளே இல்லை. சர்ச்சில் இருப்பது போல நீள நீளமான மர பெஞ்சுகள். கட்டியதே சுவிசேஷக் கூட்டங்களுக்குத்தான். டாம் ரைமன் என்ற நீராவிப் படகு முதலாளி 1885இல் சாம் ஜோன்ஸ் என்ற போதகரின் பேச்சைக் கேட்டு மனம் மாறி, இந்தக் கூடத்தைக் கட்ட முன்னின்றார். 1892இல் திறந்தார்கள். அவர் 1904இல் இறந்தபின் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

அது மைக் இல்லாத காலம். ஒரு மனிதரின் குரல் கடைசி பெஞ்சு வரை போய்ச் சேர வேண்டும். அதனால்தான் இன்றைக்கும் ஒருவர் கிட்டாரோடு தனியாக நின்று பாடினால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழுகிறது. கன்ட்ரி பாட்டில் கதைதான் உயிர். சொல் புரிந்துவிட்டால் பாட்டு பிடித்துப்போகும். எனக்கு அப்படித்தான் பிடித்தது.

1943 முதல் 1974 வரை கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற புகழ்பெற்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி இங்கிருந்துதான் ஒலிபரப்பானது. அப்போது ஏசி கிடையாது, டென்னசி வெயில் காலத்தில் அந்தக் கூட்டம் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஓப்ரி புறநகருக்குப் போனபோது, ரைமன் மேடையிலிருந்து ஆறடி அகல வட்டமாக மரப்பலகையை வெட்டி எடுத்துப் புது மேடையின் நடுவில் பதித்தார்கள். இந்தக் கட்டடத்தையோ இடித்துவிடலாம் என்றே பேசினார்கள். 1991இல் கன்ட்ரி பாடகி எம்மிலூ ஹாரிஸ் இங்கே பாடியபோது, கட்டடம் பழுதாகிக் கிடந்ததால் பாதுகாப்பு கருதி சுமார் 200 பேரைத்தான் உள்ளே விட்டார்கள். அந்தக் கச்சேரிகளுக்குப் பிறகு ஊரின் கவனம் திரும்பியது. 1994இல் புதுப்பித்துத் திறந்தார்கள்.

சரி, டிக்கெட் விஷயம். அரங்கின் சொந்த இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் மறுவிற்பனைத் தளம். நான் ஒருமுறை அப்படி ஏமாந்து இரட்டிப்பு விலை கொடுத்தேன். கீழ்த்தளத்தில் பால்கனிக்கு அடியில் உள்ள சில இடங்களில் தூண் மறைக்கும். மேலே பால்கனியின் முன்வரிசை கிடைத்தால் விடாதீர்கள். பெரிய பை எடுத்துப் போக வேண்டாம். பெஞ்சில் கைப்பிடி கிடையாது, பக்கத்தில் இருப்பவர் தோள் இடிக்கும். அவர்களே பேச்சுக் கொடுப்பார்கள். எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் அமெரிக்க நண்பர்கள் அப்படி வந்தவர்கள்தான். பாட்டு நடக்கும்போது மட்டும் பேசாதீர்கள்.

அப்புறம், நகராட்சி அரங்கமான முனிசிபல் ஆடிட்டோரியமும் நடக்கும் தூரத்தில்தான். 1962இல் திறந்த வட்டக் குவிமாடக் கட்டடம். உள்ளே இசைக்கலைஞர்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது, அதை ஒரு மழை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுக் கச்சேரிக்குச் செலவழிக்கத் தயக்கமாக இருந்தால், பகலில் சுற்றிப் பார்க்கும் டிக்கெட் மலிவு. மேடையில் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளவும் விடுவார்கள்.