தம்பிக்கு 3ஏ, அக்காவுக்கு 1பி: ஹெபடைடிஸ் சி வகை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

கேள்வி: என் தம்பி பல வருடங்கள் போதை ஊசி போட்டுக்கொண்டிருந்தவன். இப்போது மறுவாழ்வு சிகிச்சையில் புப்ரினார்ஃபின் மாத்திரை எடுக்கிறான். நடுவில் ஓரிரு முறை மறுபடியும் ஊசி போட்டுவிட்டான். அங்கே எடுத்த சோதனையில் அவனுக்கு ஹெபடைடிஸ் சி இருப்பது தெரிந்தது. பயந்துபோய் நானும் சோதித்தேன், எனக்கும் இருக்கிறது. அவன் ரிப்போர்ட்டில் ‘ஜீனோடைப் 3ஏ’, என்னுடையதில் ‘1பி’. அவனிடமிருந்துதான் எனக்கு ஒட்டிக்கொண்டது என்று வீட்டில் ஒரே பேச்சு. 1988-ல் தலைப்பிரசவத்தில் எனக்கு ரத்தம் ஏற்றினார்கள். அவனுடைய வகை மோசமானதா? இருவருக்கும் ஒரே மருந்தா? ‘ஊசியை முழுசா விட்டுட்டு ஆறு மாசம் கழிச்சு வாங்க’ என்று ஒரு மருத்துவர் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். அதைப் பிறகு விளக்குகிறேன். முதலில் வீட்டில் நடக்கும் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வையுங்கள்.

ஹெபடைடிஸ் சி என்பது கல்லீரலைத் தாக்கும் வைரஸ்; அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்போது வகை மாறுவதில்லை. உடலுக்குள் அது ஓயாமல் சின்னச் சின்ன மாற்றங்கள் அடைகிறது என்பது உண்மை. ஆனால் ஒரு ஜீனோடைப்புக்கும் (மரபணு வகைக்கும்) இன்னொன்றுக்கும் மரபணுத் தொடரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேறுபாடு இருக்கிறது. எத்தனை வருடம் ஆனாலும் 3ஏ போய் 1பி ஆகாது. அடிக்கடி ஊசி பகிர்ந்தவர்களுக்கு ஒரே சமயத்தில் இரண்டு வகை தொற்றியிருப்பதும் உண்டு. ஆனாலும் உங்கள் விஷயத்தில் அந்தச் சந்தேகத்தைவிட 1988-ல் ஏற்றிய ரத்தம்தான் பல மடங்கு பொருத்தமான காரணம். இந்த வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989-ல்தான். தானமாக வரும் ரத்தத்தில் அதைத் தேடும் சோதனை 1990-க்குப் பிறகே மெல்ல மெல்லப் பரவலானது. உங்களுக்கு ரத்தம் ஏற்றியபோது ரத்த வங்கிகளில் அதைச் சோதிக்க வழி இல்லை.

இதுவரை 8 ஜீனோடைப்புகள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றின் உட்பிரிவுகள்தான் ஏ, பி என்று எழுத்தால் குறிக்கப்படுகின்றன. எந்த வகை எங்கே, யாரிடம் அதிகம் என்று பார்த்தால் ஊசிகளின் வரலாறு தெரியும். உலக அளவில் 1-ஆம் வகை முதலிடம், 3 அடுத்தது. தெற்காசியாவில் 3 மேலோங்கி நிற்கிறது. தென்கிழக்கு ஆசியாவின் சில நாடுகளில் 6 அதிகம். மேலை நாடுகளில் 1பி பெரும்பாலும் ரத்தம் ஏற்றுதல், மருத்துவமனை ஊசி வழியாகப் பரவியது. 1ஏ, 3ஏ இரண்டும் பிற்பாடு போதை ஊசி பகிர்ந்தவர்கள் வழியாகப் பரவின. எகிப்தில் 4-ஆம் வகை அவ்வளவு பேரிடம் இருப்பதற்கு முக்கியக் காரணம், நத்தை வழியே பரவும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க 1950-களிலிருந்து 1980-களின் தொடக்கம் வரை நடந்த சிகிச்சை இயக்கம். ஒரே சிரிஞ்சு பலருக்கும் பயன்பட்டது. நோய் தீர்க்கப் போட்ட ஊசியே நோய் பரப்பியது.

ஆகவே ‘3ஏ என்றால் போதைக்காரர், 1பி என்றால் ரத்தம் ஏற்றியவர்’ என்று தனி ஒருவரைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. குறிப்பாக 3 பரவலாக உள்ள பகுதிகளில், வாழ்நாளில் ஒருமுறைகூடப் போதைப்பொருளைத் தொடாத பலருக்கு 3ஏ இருக்கிறது: டயாலிசிஸ் செய்துகொண்டவர், சுத்தமில்லாத ஊசியில் பச்சை குத்திக்கொண்டவர், காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டவர். வைரஸுக்கு வேண்டியது ரத்தம் மட்டுமே.

தம்பியின் வகை மோசமானதா என்றால், ஓரளவு ஆம். 3-ஆம் வகை கல்லீரலில் கொழுப்பு சேரத் தானே காரணமாகிறது. கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் மற்ற வகைகளைவிட இதில் சற்று வேகமாக வருகின்றன. இன்டர்ஃபெரான் ஊசி காலத்தில் நிலைமை வேறு. அப்போது 1-ஆம் வகைக்கு 48 வாரம் மருந்து, 3-க்கு 24 வாரம் போதும். ‘அதிர்ஷ்டமான வகை’ என்றே 3-ஐ நினைத்தார்கள். 2013-க்குப் பிறகு மாத்திரைகள் வந்ததும் 1 எளிதானது, 3-தான் கொஞ்சம் பிடிவாதம் காட்டியது. இன்று அந்த இடைவெளியும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. சோஃபோஸ்புவிர்–வெல்படாஸ்விர் போன்ற கூட்டு மாத்திரை எல்லா வகைக்கும் பொது: தினம் ஒன்று, 12 வாரம். நூற்றில் 95 பேருக்கு மேல் முழுமையாகக் குணமாகிறார்கள். உங்கள் இருவருக்கும் ஒரே மருந்தே போதுமானதாக இருக்கலாம். கல்லீரல் ஏற்கெனவே சுருங்கியிருந்தால் மருத்துவர் காலத்தை நீட்டலாம், அல்லது ரிபாவைரின் என்ற இன்னொரு மருந்தைச் சேர்க்கலாம். 3பி போன்ற சில அரிய உட்பிரிவுகள் மட்டும் இந்த மருந்துகளுக்கு அவ்வளவு எளிதில் பணிவதில்லை.

அதனால், எந்த வகை என்பதைவிடக் கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதே இப்போது முக்கியம். அதற்குப் பெரிய சோதனை வேண்டியதில்லை, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. (ரத்தத்தில் பார்க்கும் கல்லீரல் நொதிகள்), பிளேட்லெட் எண்ணிக்கை, வயது ஆகிய நான்கையும் வைத்தே முதல் கணிப்பைச் செய்துவிடலாம். சந்தேகம் வந்தால் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். உங்களுக்கு முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் ஓடியிருக்கலாம் என்பதால், ‘நல்ல வகை’ என்று நினைத்து நீங்கள் அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

இனி அந்த ஆறு மாதக் கதை. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: ஊசியை விட்ட பிறகுதான் சிகிச்சை என்பது காலாவதியான பேச்சு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் இப்போது ஊசி போடுபவர்களை ஒதுக்கச் சொல்லவில்லை, சிகிச்சை தரவே சொல்கிறது. போதையிலிருந்து மீள புப்ரினார்ஃபின், மெத்தடோன் எடுப்பவர்களும் இந்த மாத்திரைகளால் மற்றவர்களைப் போலவே குணமாகிறார்கள். வைரஸ் உடலில் இல்லாதவரால் அதை இன்னொருவருக்குத் தர முடியாது. ஊசி போடும் ஒருவரைக் குணப்படுத்தினால் அவரோடு ஊசி பகிரக்கூடிய பலரும் காப்பாற்றப்படுகிறார்கள். திருப்பி அனுப்பினால் இரண்டுமே நடக்காது. தம்பியை வேறொரு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்; முடிந்தால் மாத்திரை வாங்கும் மறுவாழ்வு மையத்திலேயே கேளுங்கள்.

மறுபடி தொற்றும் என்ற கவலை நியாயமானது. ஒருமுறை குணமானால் மீண்டும் வராது என்ற பாதுகாப்பு இந்த நோயில் இல்லை, தடுப்பூசியும் இல்லை. அதே 3ஏ வரலாம், வேறு வகையும் வரலாம். தம்பியிடம் கோபப்படாமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. ஊசியைத் தனியாக வைத்துக்கொண்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். மருந்தைக் கரைக்கும் கரண்டி, வடிகட்டும் பஞ்சு, ஒரே கிண்ணத்துத் தண்ணீர், இவற்றில் ஒருவர் பயன்படுத்திய ஊசியின் முனை ஒருமுறை பட்டாலே கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்துவிடும். பிஸ்டனை முழுக்க அழுத்திய பிறகும் சிரிஞ்சுக்குள் ஒரு துளி தங்கும். அந்தத் துளியில் வைரஸ் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். தண்ணீரில் அலசுவது போதவே போதாது. ஒருவேளை சறுக்கினாலும் எல்லாமே புதிதாக, தனியாக இருக்கட்டும்.

மாத்திரை தொடங்கும் முன் இருவரும் ஹெபடைடிஸ் பி சோதனை செய்யுங்கள்; பி மறைந்திருந்தால் சி குறையும்போது அது தலைதூக்கும். வலிப்பு மருந்து, காசநோய் மருந்து, இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன், நெஞ்செரிச்சலுக்கான ஒமெப்ரசோல், எதை எடுத்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்து முடிந்து 12 வாரம் கழித்து, ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று நேரடியாகப் பார்க்கும் எச்.சி.வி. ஆர்.என்.ஏ. சோதனை செய்ய வேண்டும். அதில் ‘இல்லை’ என்று வந்தால் குணம். வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கியதைத் தேடும் ஆன்டிபாடி சோதனை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் பாசிட்டிவாகவே இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். தம்பிக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆர்.என்.ஏ. பாருங்கள். பின்னால் எப்போதாவது வைரஸ் தெரிந்தால், பழையதே திரும்பியதா, புதிதாக வந்ததா என்று பிரித்தறிய இன்றைய ‘3ஏ’ ரிப்போர்ட் உதவும். அதைப் பத்திரமாக வையுங்கள்.

சேர்ந்து சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ இது தொற்றாது. ரேஸர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் அவரவர்க்குத் தனியாக இருக்கட்டும்.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை. 1988-க்குப் பிறகு உங்களுக்குப் பிறந்த பிள்ளைகள் இருந்தால், அவர்கள் எவ்வளவு வளர்ந்திருந்தாலும், எந்த ஊரில் இருந்தாலும், ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். தாயிடமிருந்து நூற்றில் ஐந்தாறு குழந்தைகளுக்கு இது போகிறது.