எரிமலை இல்லாத ஊரில் தரையடிச் சூடு

போன இதழில் ஏசி கரண்ட் பில்லைப் பற்றி எழுதும்போது, மண்ணுக்கடியில் இருக்கும் வெப்பத்தை வைத்தே கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் முடிகிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்கள் அத்தனையும் அந்த ஒரு வரிக்குத்தான். பில்லைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. ஆயுளில் பாதியை ஏசி பிளான்ட் ரூம் இரைச்சலில் கழித்தவன் நான். இதைப் பேசச் சொன்னால் கசக்குமா?

என் மகன் ஸ்டாக்ஹோம் பக்கத்தில் வீடு வாங்கியிருக்கிறான். தோட்டத்தில் போர் போட்டு, அதிலிருந்து வரும் சூட்டில்தான் வீடே கதகதப்பாக இருக்கிறது என்கிறான். ஸ்வீடனில் எரிமலை கிடையாதே, சூடு எங்கிருந்து வருகிறது?
*வாசகி, கோவை*

மகன் சொல்வது நிஜம்தான் அம்மா. ஆனால் அந்தப் போருக்குள் நீங்களோ நானோ சூடு என்று சொல்லக்கூடிய எதுவும் இல்லை. அங்கே 100, 150 மீட்டர் ஆழத்தில் பாறை 8 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கை வைத்தால் சில்லென்று இருக்கும்.

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கத்தையோ பக்கவாட்டையோ தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே ஏற்கெனவே குளிர்ந்து கிடக்கும் பாலிலிருந்தும் தக்காளியிலிருந்தும் உருவி எடுத்த வெப்பம் அது. மகன் வீட்டில் நடப்பதும் அதுவே. பாலுக்குப் பதில் பாறை. போருக்குள் யூ வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இறங்கி ஏறும். அதில் ஆல்கஹால் கலந்த, சுலபத்தில் உறையாத தண்ணீர் ஓடும். அது ஜீரோவை ஒட்டிய குளிரில் கீழே போய், இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக மேலே வரும். அந்த இரண்டு மூன்று டிகிரிதான் மொத்தச் சரக்கும். அதை வாங்கிக்கொண்டு, ஃபிரிட்ஜில் ஓடுவது மாதிரி குளிரிலேயே கொதிக்கக்கூடிய கேஸ் திரவம் ஆவியாகும், கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தும், அழுத்தியதும் சூடேறும், அந்தச் சூட்டில் 40, 50 டிகிரிக்குத் தண்ணீர் காய்ந்து வீட்டு ரேடியேட்டர்களிலும் தரைக்கடியில் பதித்த குழாய்களிலும் ஓடும். ஹீட் பம்ப் என்பது இந்த எந்திரம்தான். அது ஒரு யூனிட் மின்சாரம் தின்றால் வீட்டுக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும். மிச்சம் இரண்டு, மூன்று யூனிட் பாறை கொடுத்தது.

பாறைக்கு அந்த 8 டிகிரி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வெயில்தான். பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கீழே கோடையும் எட்டாது, குளிரும் எட்டாது. அந்த ஊரின் வருஷ சராசரி வெப்பம் எதுவோ, ஏறக்குறைய அதுவே அங்கே வருஷம் முழுக்க நிற்கும். ஆழம் போகப் போகப் பூமியின் சொந்தச் சூடு கூடும். பல இடங்களில் கிலோமீட்டருக்கு 25, 30 டிகிரி. ஆனால் 150 மீட்டரில் அதன் பங்கு சொற்பம்.

1970களில் எண்ணெய் விலை ஏறியபோது ஸ்வீடன்காரர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். இன்று லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. கோடையில் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, அந்தக் குளிர்ந்த திரவத்தை மட்டும் சுற்றவிட்டு வீட்டைக் குளிர்விக்கலாம். வீட்டிலிருந்து எடுத்த வெப்பமும் பாறைக்குப் போய், அடுத்த குளிர்காலத்துக்கு ஆகும். மகனிடம் அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். அவரைப் பார்க்கப் போகும்போது நீங்கள் இறங்கப்போகும் ஆர்லாண்டா விமான நிலையத்திலும் 2009 முதல் இதே வேலை பெரிய அளவில் நடக்கிறது: குளிர்காலக் குளிரை நிலத்தடி நீர்ப்படுகையில் சேர்த்துவைத்துக் கோடையில் முனையங்களுக்கு எடுக்கிறார்கள், கோடையில் சேரும் சூட்டைக் குளிர்காலத்தில் விமானம் நிற்கும் இடத்துப் பனியை உருக்க எடுக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் 800 அடி போர் வற்றிப்போய்ச் சும்மா கிடக்கிறது. அதில் குழாயை இறக்கி ஏசி ஓட்டலாமா?
*வாசகர், மதுரை*

ஓட்டலாம். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஓட்டமாட்டேன்.

முதலில் சாதகமான கணக்கு. மே மாதப் பிற்பகலில் உங்கள் ஏசியின் அவுட்டோர் யூனிட் 40 டிகிரி காற்றில் வெப்பத்தைத் தள்ள மூச்சு முட்டுகிறது. மதுரை மண்ணுக்கடியில் 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். தள்ளுவது அங்கே என்றால் கம்ப்ரசருக்குச் சிரமம் குறையும், பில்லும் குறையும். உங்கள் ஊர்ப் பாறை வெப்பத்தை நன்றாகவே கடத்தும்.

இனி சிக்கல். ஒரு டன் ஏசி அறையிலிருந்து 3.5 கிலோவாட் வெப்பத்தை எடுக்கும். கம்ப்ரசர் தின்ற மின்சாரமும் வெப்பமாகச் சேர, வெளியே தள்ளவேண்டியது 4 கிலோவாட்டைத் தாண்டும். நல்ல பாறையில் ஒரு மீட்டர் போர் 40, 50 வாட் வாங்கிக்கொண்டாலே அதிகம். ஆக ஒரு டன்னுக்கே 90, 100 மீட்டர் வேண்டும். அதுவும் குழாயைச் சுற்றி வெப்பம் கடத்தும் கலவையை அடைத்து நிரப்பியிருந்தால்தான். வற்றிய போரில் குழாய்க்கும் பாறைக்கும் நடுவே வெறும் காற்றுதான் நிற்கும். காற்று வெப்பத்தை லேசில் விடாது.

இதைவிடப் பெரிய விஷயம், ஸ்வீடனில் குளிர்காலம் எடுக்கிறது, கோடை திருப்பிக் கொடுக்கிறது. மதுரையில் வருஷம் பூராவும் மண்ணுக்குள் வெப்பத்தைக் கொட்டிக்கொண்டே இருப்பீர்கள், எடுக்க ஆளில்லை. சில வருஷங்களில் போரைச் சுற்றியுள்ள பாறை சூடேறிவிடும், லாபம் கரைந்துவிடும். இந்த முறை கொழிப்பது கடும் குளிரும் நல்ல கோடையும் இரண்டும் உள்ள ஊர்களில். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து பால் ஸ்டேட் பல்கலைக்கழகம் சுமார் 3,600 போர்கள் போட்டு, 2014-இல் நிலக்கரி பாய்லர்களுக்கே விடைகொடுத்துவிட்டது. அவர்களுக்குப் பனியும் உண்டு, புழுக்கமும் உண்டு.

நம் ஊரில் இதற்குத் தோதானவை ஓட்டலும் மருத்துவமனையும்தான். அங்கே வருஷம் முழுக்க வெந்நீர் வேண்டும். ஏசி வெளியே தள்ளும் வெப்பத்தை ஹீட் பம்ப் வழியாக வெந்நீர்த் தொட்டிக்குத் திருப்பிவிட்டால் போரே தேவையில்லை. பல இடங்களில் இதைச் செய்யாமல் ஒரு பக்கம் வெப்பத்தைக் காற்றில் கொட்டி, இன்னொரு பக்கம் டீசல் எரித்துத் தண்ணீர் காய்ச்சுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

உங்கள் போரில் மழைநீரை விடுங்கள். மொட்டை மாடிக்கு வெள்ளை அடியுங்கள்.

மண்ணுக்குள் குழாய் புதைத்து, அதன் வழியாக வீட்டுக்குக் காற்றை இழுத்தால் ஏசியே வேண்டாம் என்கிறார்களே?
*வாசகர், திருவள்ளூர்*

குருகிராம் அருகே குவால் பஹாடியில் டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம் தன் பயிற்சி வளாகத்துக்கு இப்படித்தான் செய்தது. 4 மீட்டர் ஆழத்தில் 70 மீட்டர் நீளக் குழாய்கள். அங்கே கோடையில் காற்று 40-ஐத் தாண்டி எரிக்கும். மண் 26 டிகிரி. குளிர்காலத்தில் வெளியே நடுக்கம். மண் அப்போதும் கிட்டத்தட்ட அதுவே. வித்தியாசம் பெரிதாக இருப்பதால் பலன் தெரிகிறது. ஆனால் மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தைக் குழாயால் பிழிய முடியாது. அதற்கு அவர்களும் குளிரூட்டும் எந்திரம் வைத்திருக்கிறார்கள். திருவள்ளூரில் கடல் காற்றின் பிசுபிசுப்பு மாதக்கணக்கில் இருக்கும். குழாய்க்குள் ஈரம் தங்கினால் பூஞ்சை நாற்றம் நேரே படுக்கையறைக்கு வரும்.

ஐஸ்லாந்தில் எல்லா வீட்டுக்கும் பூமியிலிருந்து வெந்நீர் வருகிறதாமே?
*கல்லூரி மாணவி, தஞ்சாவூர்*

பத்தில் ஒன்பது வீடுகளுக்கு வருகிறது. அதுதான் அசல் பூமிச் சூடு; ஹீட் பம்பே வேண்டாம். ரேக்யவிக் நகரப் பெண்கள் ஒரு காலத்தில் துணி மூட்டையைச் சுமந்துகொண்டு ஊருக்கு வெளியே இருந்த வெந்நீர் ஊற்றுக்கு நடந்து போய்த் துவைத்தார்கள். அந்த இடத்திலிருந்துதான் 1930-இல் 3 கிலோமீட்டர் குழாய் போட்டு, ஒரு பள்ளிக்கூடத்துக்கும் சில வீடுகளுக்கும் வெந்நீர் கொண்டுவந்தார்கள். இப்போது நெஸ்யவெட்லிர் நிலையத்திலிருந்து மட்டும் 27 கிலோமீட்டர் குழாயில் வெந்நீர் வருகிறது. வழியில் இழக்கும் சூடு 2 டிகிரிக்குள்தான்! குளிக்கும்போது சில இடங்களில் அழுகிய முட்டை வாடை வீசும், கந்தகம்தான், பழகிவிடும்.

இதை முதலில் செய்த ஊர் எது?
*வாசகர், நாகர்கோவில்*

பிரான்ஸில் ஷோத் ஏக் என்ற சின்ன ஊரில் 82 டிகிரி ஊற்று நீரை 14-ஆம் நூற்றாண்டிலேயே வீடுகளுக்கு ஓடவிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1892-இல் பாய்ஸி நகரம். அங்கே மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்கே இன்றும் பூமிச் சூடுதான்.

இந்தியாவில் அப்படி ஊற்றே இல்லையா?
*வாசகர், சேலம்*

இருக்கிறது. இமாசலத்து மணிகரணில் ஊற்றில் மூட்டையாகக் கட்டி இறக்கி அரிசி வேகவைக்கிறார்கள். லடாக்கில் 4,400 மீட்டர் உயரத்துப் பூகா பள்ளத்தாக்கில் பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க ஓ.என்.ஜி.சி. துளையிடும் வேலையில் இறங்கியது. பக்கத்தில் சுமத்தாங்கில் ஊற்றின் வெப்பத்தால் ஓர் உணவு விடுதியைச் சூடாக்கிக் காட்டினார்கள். மண்ணெண்ணெயும் சாணியும் எரித்துக் குளிர்காலத்தை ஓட்டும் ஊர்கள் அவை. என்னைக் கேட்டால் மின்சாரக் கனவை அப்புறம் காணலாம், முதலில் வீடுகளுக்கு வெந்நீர் கொடுக்கலாம்.

இதில் ஆபத்து ஒன்றும் இல்லையா?
*வாசகி, புதுச்சேரி*

ஜெர்மனியில் ஸ்டௌஃபன் என்றொரு அழகான பழைய ஊர். பேயோடு ஒப்பந்தம் போட்ட ஃபௌஸ்ட் செத்த ஊர் என்று கதை. 2007-இல் அங்கே நகர மன்றக் கட்டடத்தைச் சூடாக்க 140 மீட்டர் ஆழத்துக்கு ஏழு போர்கள் போட்டார்கள். கீழே தண்ணீரே படாமல் அன்ஹைட்ரைட் என்ற தாது அடுக்காகக் கிடந்தது. போர் வழியே தண்ணீர் அதற்குள் புகுந்தது. தண்ணீர் பட்டால் அது ஜிப்சமாக மாறி உப்பும். ஊரே மெல்ல மேலெழுந்து, 250-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விட்டது. அடியில் இருக்கும் அடுக்குகளைத் தெரிந்துகொள்ளாமல் துளைத்தால் வரும் வினை. நம் ஊரில் போர் வண்டிக்காரர் தேங்காயைக் கையில் நிறுத்தி இடம் பார்க்கும்வரை எனக்குக் கவலைதான்.

ஊட்டியில் சின்ன லாட்ஜ் நடத்துகிறோம். ரூம் ஹீட்டர் பில் தாங்கவில்லை. போர் போடலாமா?
*வாசகர், உதகை*

வேண்டாம். காயில் ஹீட்டர் ஒரு யூனிட் தின்றால் ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். ஹாட் அண்ட் கோல்டு ஏசி வெளிக்காற்றிலிருந்தே வெப்பத்தை எடுத்து இரண்டு மூன்று யூனிட் தரும். ஊட்டிக் குளிருக்கு அது போதும். முதலில் ஜன்னல் இடுக்குகளை அடையுங்கள். அப்புறம் இரண்டு அறைகளில் மட்டும் மாட்டி, ஒரு சீசன் மீட்டரைப் பார்த்துவிட்டு மற்ற அறைகளுக்கு வாங்குங்கள். வாங்கும்போது வெளியே 5 டிகிரியில் எவ்வளவு வெப்பம் தரும் என்று எழுத்தில் கேளுங்கள். டீலர் மழுப்பினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.