அந்தக் கடைசி வரி மட்டும்தான் கால்குலஸ்

வணக்கம் சார்,

வயது 34. பிளஸ் டூவில் கணக்கே இல்லாத காமர்ஸ் குரூப், அப்புறம் பி.காம்., இப்போது ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. மெஷின் லேர்னிங் படிக்கும் ஆசையில் ஆறு மாதமாக யூடியூபில் கால்குலஸ் பார்க்கிறேன். பார்க்கும்போது புரிகிறது, தாளில் போட்டால் விடை தப்பாக வருகிறது. அல்ஜீப்ரா முழுவதையும் முடித்துவிட்டு வா என்கிறார் நண்பர். அதற்கே இரண்டு வருடம் ஆகிவிடாதா?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

நண்பர் சொல்வது பாதி சரி. 1/ப என்பதை வகையிட வேண்டும், அதாவது ப கொஞ்சம் மாறினால் 1/ப எந்த வேகத்தில் மாறுகிறது என்று பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம் (எக்ஸைத்தான் ப என்று எழுதுகிறேன், அதில் வரும் சின்ன மாற்றம் ச). முதலில் 1/(ப+ச) − 1/ப. பகுதியைப் பொதுவாக்கினால் கீழே ப(ப+ச), மேலே ப − (ப+ச). அடைப்பை நீக்கினால் மேலே மிஞ்சுவது −ச. மொத்தத்தையும் ச-வால் வகுத்தால் −1/(ப(ப+ச)). இதுவரை போட்டது எல்லாம் பத்தாம் வகுப்புக் கணக்கு. இனி ச பூச்சியத்தை நெருங்கட்டும் என்கிறோம், −1/ப² கிடைக்கிறது. அந்தக் கடைசி வரி மட்டும்தான் கால்குலஸ். உங்களுக்குப் புரிகிற வரியும் அதுதான்.

வழுக்குவது பெரும்பாலும் அந்த அடைப்புக்குறியில். ப − ப + ச என்று எழுதிவிட்டால் விடை +1/ப² ஆகிவிடும். (பேலன்ஸ் ஷீட்டில் அடைப்புக்குறி என்றாலே மைனஸ் என்று பழகிய உங்களுக்கு இது உறைக்க வேண்டும்!) சந்தேகம் வந்தால் எண்ணைப் போட்டுப் பாருங்கள். 1/2 என்பது 0.5, 1/2.1 ஏறக்குறைய 0.476. குறைகிறது. அப்படியென்றால் விடை பிளஸ்ஸாக இருக்கவே முடியாது.

நானும் யோக்கியன் இல்லை. கல்லூரி முதலாண்டுத் தேர்வில் √(ப²+16) என்பதை ப+4 என்று எழுதி, ஒரு பக்கக் கணக்கைக் கோட்டைவிட்டிருக்கிறேன். ப-வுக்கு 3 போட்டிருந்தால் 5 எங்கே, 7 எங்கே என்று அங்கேயே பிடிபட்டிருக்கும்.

ஆகவே இரண்டு வருடம் வேண்டாம். பாடநூல் கழகத்தின் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். காரணிப்படுத்துதல், விகிதமுறு கோவைகள் (மேலே பார்த்ததுபோல் எழுத்து வரும் பின்னங்கள்), அடுக்குக்குறி விதிகள், சார்புகள். இவை போதும், இவற்றில் கை ஓட வேண்டும், அவ்வளவுதான். விகிதமுறு கோவைகளில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், பயிற்சிக் கணக்கு ஒன்றுவிடாமல் போடுங்கள். அணிகள் (மேட்ரிக்ஸ்), கலப்பெண்கள் பக்கம் இப்போது போக வேண்டாம். மெஷின் லேர்னிங்குக்கு அணிகள் தேவைதான், ஆனால் அது தனிக்கதை. பகுதிப் பின்னங்களைத் தொகையிடல் (இன்டக்ரேஷன்) வரும்போது பார்த்துக்கொள்ளலாம். மடக்கை (லாக்) வகையிடலிலேயே எட்டிப்பார்க்கும், அன்றைக்குப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்தால் சரி.

வீடியோவை நிறுத்த வேண்டியதில்லை. பாதியில் பாஸ் போட்டு, அடுத்த வரியை நீங்களே எழுதிவிட்டு ஓடவிடுங்கள். வேகம் குறையும், குறையட்டும்.

இந்த வாரம் 1/ப² என்பதை மேலே சொன்ன வழியிலேயே போட்டுப் பாருங்கள். −2/ப³ வர வேண்டும். வராவிட்டால் அந்தத் தாளை அழிக்காமல் படமெடுத்து அனுப்புங்கள், எந்த வரியில் வழுக்கியது என்று பார்த்துவிடலாம்.